இனி அணையாத கம்ப்யூட்டர்

எங்கள் மொழிபெயர்ப்பு ஆபீஸ் கம்ப்யூட்டரில் இன்று ஒருவழியாக முழுப் பதிப்பு ஏற்றியாயிற்று.

இதுவரை இருந்தது ட்ரையல் ஆபரேட்டிங் சிஸ்டம். கெடு முடிந்த பிறகு மணிக்கொரு முறை தானாக அணைந்துவிடும். காலை ஒன்பதுக்குப் போட்டால் பத்துக்கு அணையும்.

என்னோடு உட்கார்ந்து பிரெஞ்சுப் பிறப்புச் சான்றிதழ்களை மொழிபெயர்த்த அந்துவான் அண்ணன் அதை மாற்ற விடவே இல்லை.

"அணையட்டும்மா. அப்பவாவது நாம எழுந்து நடப்போம்" என்பார். அணைந்ததும் அவர் நாற்காலி கிறீச்சிடும். இருவரும் வராந்தாவில் நடந்துவிட்டு வருவோம்.

அவர் இறந்து நான்கு மாதம் ஆகிறது. அதன் பிறகும் கம்ப்யூட்டர் அணையும்போதெல்லாம் அந்தக் கிறீச் சத்தம் எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் நாற்காலி அசையாமல் இருக்கும். பயந்துபோய்த்தான் மூலக்குளத்திலிருந்து சர்வீஸ் பெண்ணை வரவழைத்தேன்.

"பழச மொத்தமா அழிச்சிட்டுத்தான் போட்டிருக்கேன்க்கா. ஃபைலெல்லாம் பத்திரமா இருக்கு. இனிமே அணையாது" என்றாள்.

பன்னிரண்டு மணிக்குப் பழக்கத்தில் எல்லாவற்றையும் சேவ் செய்துவிட்டு எழுந்து நின்றேன். திரை எரிந்துகொண்டே இருந்தது. சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

கிளம்பப்போனவளிடம், "மணிக்கொரு தரம் அணையற மாதிரி வெக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"அணையக் கூடாதுன்னுதானக்கா என்னயக் கூப்பிட்டீங்க?" என்று சிரித்தாள்.

உங்களில் யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள். நாளை ஒன்பதுக்குப் போட வேண்டும். பத்துக்கு யாரும் எழுந்திருக்கப் போவதில்லை.