மேல்மாடி நானா போட்ட லிமிட்

பலகைத் தளத்துக்கு மேலே ‘உர்ர்ர்’ என்று ஒரு சத்தம்... கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த பழைய வீட்டில் பகல் முழுக்க அந்த உறுமல்தான். மாடிப்படி ஏறினால் பேக்கரி வாசல் மாதிரி முகத்தில் சூடு அடிக்கும்.

அது ரிஸ்வான் நானாவின் கம்ப்யூட்டர். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் ‘நானா’ என்போம். மேல்மாடியில் தனியாகக் குடியிருந்தார், ஃபோன் ரிப்பேர் வேலை. மேலுக்கும் கீழுக்கும் ஒரே இன்டர்நெட் லைன்.

கிரிப்டோ காசுக்கு ‘நோட்’ ஓட்டுகிறாராம். நான் விடுவேனா?

“நானா, மேல சல்லி அச்சடிக்கிறீங்களோ? எங்களுக்கும் ரெண்டு தாள் போடுங்கோவன்.”

“அச்சடிக்கல்ல தம்பி, கணக்கு இறக்குறன்.”

அந்தக் காசுக்கு வங்கியே கிடையாதாம். அது பிறந்த நாள் முதல் நடந்த கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும், உலகம் முழுக்க யார் யாரோ தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறார்களாம். அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்குத்தான் ‘நோட்’ என்று பெயராம். அவர்களிடமிருந்து நானாவும் ஒரு முழுப் பிரதி இறக்கிக்கொண்டிருந்தார். வாரக்கணக்காக!

நான் நம்பவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவன், எனக்கு இதெல்லாம் அம்புலிமாமா கதை.

அந்த நேரம்தான் டொரொன்டோவில் என் தங்கச்சிக்குக் கல்யாணம். எங்களுக்கு விசா கிடைக்கவில்லை. அம்மா பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, டீவிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்.

“தாலி கட்டுறதையாவது பார்த்திடுவன் தானே ராசா?”

காலையிலிருந்து இதே கேள்வி...

லைவ் தொடங்கியது. மேளம் கொஞ்சம் கேட்கும், நிற்கும். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபையைச் சுற்றி வந்தது. தொட்டு வாழ்த்த அம்மாவும் திரையை நோக்கிக் கையை நீட்டினார்.

படம் நின்றது. தட்டுக்கு மேலேயே அந்த வட்டம், சுற்று சுற்று என்று சுற்றுகிறது. அம்மாவின் கை நீட்டினபடியே இருக்கிறது.

நான் படியில் பாய்ந்தேன்.

“நானா! உங்கட மெசின் என்ட தங்கச்சிட தாலிய முழுங்கிட்டுது!”

மனிதர் பதறிப்போனார். “இறக்குற வேகத்துக்கு லிமிட் போட்டுத்தான் ஈக்கி தம்பி! புரோகிராமோடயே வந்த லிமிட். நான் கண்ணால கண்டன்!”

காட்டினார். உண்மைதான், இருந்தது. அந்த எண்ணை வாய்விட்டு வாசித்தார். பிறகு எங்கள் லைனின் வேகத்தைப் பார்த்தார். அப்படியே கதிரையில் சாய்ந்துவிட்டார்.

“தம்பி... இவங்கட லிமிட், எங்கட முழு லைனையும் விடப் பெரிசு!”

பெரிய குழாய் உள்ள ஊரில் எவரோ தன் வீட்டுக்கு அளந்து போட்ட மூடி அது. எங்கள் குழாயே அந்த மூடிக்குள் விழுந்துவிடும்.

“ஆராய்ச்சிய விடுங்கோ நானா, இறுக்குங்கோ!”

ஒரு சின்ன எண்ணைத் தட்டிப் போட்டு, திரும்ப ஓட விட்டார். கீழே மேளம் வெடித்தது! நான் சறுக்கிக்கொண்டு இறங்கினேன்... கெட்டிமேளம். தாலி ஏறுகிறது. அம்மா இரண்டு கையும் கூப்பியபடி அழுகிறார். திரும்பினால், பாதிப் படியில் நானாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்.

அடுத்த நாள் பலகாரம் கொண்டு போனபோது, யார் யாரிடமிருந்து கணக்கு வருகிறது என்று திரையில் காட்டினார். எந்தெந்த நாடோ... முகம் தெரியாத மனிதர்கள், ஒரு நன்றிகூட எதிர்பார்க்காமல், துண்டு துண்டாக எங்கள் கொட்டாஞ்சேனை மேல்மாடிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே நின்றேன்.

இப்போது நாங்கள் பாமன்கடையில் குடியிருக்கிறோம். ஃபைபர் லைன், படம் நிற்பதே இல்லை. மாடிக்கு ஓட வேண்டிய தேவையும் இல்லை... மேல்வீட்டில் இருப்பவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

நானா தெமட்டகொடையில், அங்கேயும் மேல்மாடி, கீழ்வீட்டோடு ஒரே லைன். போன கிழமை ஃபோன் எடுத்தேன்.

“இன்னும் உறுமுதா நானா?”

“ஓடுது தம்பி. முழுசும் வந்து முடிஞ்சி. இப்ப மத்தவங்களுக்குக் குடுக்குது.”

“ஆருக்கு?”

“ஆருக்கெண்டு ஆருக்குத் தெரியும்!”

“இப்ப உங்களுக்கும் ஃபைபர் தானே. அண்டைக்குப் போட்ட லிமிட்ட எடுத்து விட்டீங்களா?”

“இல்ல தம்பி, அது ஈக்கட்டும். கீழ்வீட்டுல ஆராச்சும் கலியாணம் பாப்பாங்க.”