மூன்று என்று எழுதிய எட்டு நாட்கள்

மதியம் இரண்டு ஐம்பதுக்கு எங்கள் கம்பெனி பஸ் என்னைச் சுங்குவார்சத்திரம் நிறுத்தத்தில் இறக்கிவிடும். மூன்று மணி இரண்டு நிமிடத்துக்கு வாலாஜாபாத் சாலை முனையில் என் மனைவியை ஏற்றிப்போகும் வேன் வந்து நிற்கும். எனக்கு முதல் ஷிப்ட், அவளுக்கு இரண்டாவது. நள்ளிரவில் அவள் திரும்பும்போது நான் தூங்கியிருப்பேன். அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு என் நிறுத்தத்துக்கு வந்துவிடுவாள். அங்கிருந்து வேன் நிற்கும் முனைவரை சேர்ந்து நடப்போம். பன்னிரண்டு நிமிடம். ஆறு வருடமாக எங்கள் குடும்பப் பேச்சு முழுவதும் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில்தான் நடந்தது. அவள் லைனில் யார் யாரோடு சண்டை, என் தங்கை போனில் என்ன குறைப்பட்டாள், எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பாதிக் கதையில் வேன் வந்துவிடும். "மீதி நாளிக்கு," என்று சொல்லி ஏறிக்கொள்வாள். மறுநாள் விட்ட வாக்கியத்திலிருந்தே தொடங்குவாள்.

மழை நாள் ஒன்றில் பஸ் படியில் வழுக்கி விழுந்தேன். வலது கணுக்கால் இரண்டு பக்கமும் உடைந்தது. அறுவை சிகிச்சை செய்து ஒரு தகடும் ஏழு திருகாணிகளும் வைத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் சொன்னார்: "வலி வந்தப்புறம் மாத்திரையைத் தேடாதீங்க. மணி பாத்துப் போட்டுடுங்க. காலை நெஞ்சுக்கு மேல ஒசரத்துல வையுங்க." கோடு போட்ட நீள நோட்டில் அன்றே கட்டம் போட்டேன். நேரம், மாத்திரை, காலுக்குக் கீழே எத்தனை தலையணை, பத்துக்கு எத்தனை வலி. ஒரு நாளைக்கு ஆறு பதிவு, நாள் முடிவில் என் கையெழுத்து.

மனைவி இரண்டு வாரம் விடுப்பு எடுத்தாள். நாள் முழுவதும் பக்கத்திலேயே இருந்தாள். ஆனாலும் அவளைப் பார்க்க ஏங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பேச்செல்லாம் மாத்திரை, கஞ்சி, பாத்ரூம் என்று ஆகிவிட்டது. எதிரில் இருந்தவள் என்னைக் கவனித்துக்கொள்கிறவள். சாலையில் கையை வீசிக்கொண்டு கதை சொல்கிறவளைக் காணோம்.

தையல் பிரித்த அன்று பிசியோதெரபி சொல்லித்தரும் பெண் பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொன்னாள். ஒரு வேளைக்குப் பத்து முறை, ஒரு நாளைக்கு நான்கு வேளை. அரை மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொண்டால்தான் செய்ய முடியும், செய்யாவிட்டால் மூட்டு இறுகிவிடும் என்றாள். அன்று மாலை மனைவியின் சூப்பர்வைசர் போன் செய்தார். விடுப்பை நீட்டினால் இரண்டாவது ஷிப்டில் அவள் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவேன், திரும்பி வந்தால் முதல் ஷிப்ட்தான் என்றார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். இரண்டு பேருக்கும் முதல் ஷிப்ட் என்றால் அந்த நடை அதோடு முடிந்தது.

அன்றிலிருந்து வலிக் கட்டத்தில் மூன்று என்று எழுதினேன். உண்மையில் காலையில் ஏழு இருந்தது. மூன்று என்று எழுதிவிட்டு மாத்திரை போடுவது பொருந்தாதே என்று, அந்தக் கட்டத்தில் 'தேவைப்படவில்லை' என்று எழுதி, மாத்திரையையும் விட்டேன். மாத்திரை இல்லாமல் பாதத்தை அசைக்க முடியவில்லை. மனைவி நோட்டைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனாள். இரண்டு ஐம்பதுக்கு நெடுஞ்சாலையில் பஸ் ஹாரன்கள் கேட்கும். இந்நேரம் அவள் தனியாக முனைக்கு நடந்துகொண்டிருப்பாள் என்று நினைத்தபடி படுத்திருப்பேன். எங்கே வருகிறாள் என்று மனதில் கணக்குப் போடுவேன். பேக்கரி, மருந்துக்கடை, டயர் கடை.

ஒன்பதாம் நாள் காலை டீயோடு உட்கார்ந்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள்.

"இன்னாங்க இது, எட்டு நாளும் மூணு?"

"அப்படித்தான் இருக்குதுமே."

"காலையிலயும் மூணு, சாயந்திரமும் மூணு. மெஷினு கூட இப்படி ஒரே ரீடிங் குடுக்காது. எங்க லைன்ல புதுசா வந்த பொண்ணுங்க ஷிப்ட் முடியற நேரத்துல குந்திகினு செக் ஷீட்டை மொத்தமா ரொப்புவாளுங்க. ஒரே பேனா, ஒரே சாய்வு. பாத்தாலே தெரிஞ்சிடும். குவாலிட்டில வேல செஞ்சிகினு நீயே இத பண்றியே, வெக்கமா இல்ல?"

வேலையில் அப்படிப்பட்ட தாள்களை எத்தனையோ பேருக்குத் திருப்பி அனுப்பியவன் நான்.

"பாதத்த தூக்கு பாப்போம்."

தூக்கினேன். விரல்கள் மட்டும் நெளிந்தன. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இப்ப எவ்ளோ?"

"எட்டு."

"ஏன் மறைச்ச?"

சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு நோட்டைப் படுக்கையில் வீசினாள். "யோவ், அந்தப் பன்னெண்டு நிமிசத்துக்கா? கால் இறுகிப் போச்சுன்னா யாரு கூட நடக்கறது? உன்னைய தள்ளுவண்டில வச்சு தள்ளிகினு போவணுமா?"

அந்த நிமிடமே சூப்பர்வைசருக்குப் போன் செய்து மூன்று வாரம் விடுப்பு கேட்டாள். இடம் போனது.

அதன்பின் நோட்டில் ஏழு, ஐந்து, எட்டு, ஐந்து, ஆறு என்று எண்கள் ஏறி இறங்கின. சாப்பிட்ட பிறகு மாத்திரை, அரை மணி கழித்துப் பயிற்சி. பாதத்தில் துண்டைச் சுற்றி இரண்டு முனையையும் பிடித்து அவள் மெல்ல இழுப்பாள். பத்து எண்ணும்வரை விடமாட்டாள். நான் கத்தினால், "கத்து, எண்ணிக்கைய வுட்டுடாத," என்பாள். பிறகு துணியில் சுற்றிய ஐஸ், இருபது நிமிடம். முதன்முதலாக இரண்டு என்று எழுதிய அன்று, என் கையெழுத்துக்குக் கீழே அவளும் கையெழுத்துப் போட்டாள்.

பத்தாவது வாரம் தடி ஊன்றி முழுப் பாதம் வைக்க அனுமதி கிடைத்தது. மனைவிக்கு இப்போது முதல் ஷிப்ட். நான் இன்னும் மருத்துவ விடுப்பில்தான். மூன்று மணிவாக்கில் வேன் அவளை அதே முனையில் இறக்கிவிடுகிறது. போன திங்கட்கிழமை யாரிடமும் சொல்லாமல் அங்கே போய் நின்றேன். போக முப்பத்தொரு நிமிடம் ஆனது. என்னைப் பார்த்ததும் வேனிலிருந்த பெண்கள் கூச்சல் போட்டார்கள். "அக்கா, மாப்ள வந்துகீறாரு!" அவள் முகம் சிவந்தபடி இறங்கினாள்.

வீட்டை நோக்கி நடந்தோம். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த அசதி அவள் நடையில் தெரிந்தது. என் வேகத்துக்கு நின்று நின்று வந்தாள். பேசுவாள் என்று காத்திருந்தேன். டயர் கடை போனது, மருந்துக்கடை போனது.

"இன்னாமே, ஒண்ணும் சொல்ல மாட்டேன்ற?"

"வூட்டுக்குத்தான போறோம், போய்ப் பேசிக்கலாம்," என்றாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாய் சோறு சாப்பிட்டாள். நான் தட்டைக் கழுவிவிட்டு வருவதற்குள் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிவிட்டிருந்தாள்.