மாரியாயி அக்காவின் செண்டுடுக் செடி

உலு திராமிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகிற சாலையில் ஒரு பூச்செடிக் கடை இருக்கிறது. போன சனிக்கிழமை அங்கே கறுப்புப் பையில் செண்டுடுக் என்கிற காட்டுச் செடியை நட்டு விற்பனைக்கு வைத்திருந்தார்கள். அதே ஊதாப் பூ, அதே சொரசொரப்பான இலை.

"நேட்டிவ் பிளான்ட் அங்கிள், இப்ப எல்லாரும் கேக்குறாங்க லா," என்றது கடைப் பெண்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "இத நான் ஆயிரக்கணக்குல கொன்னுருக்கேன்மா," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பைத்தியம் என்று நினைத்திருக்கும்.

பிள்ளைகளே, வளர்க்கிற விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பேச்சு எங்கேயாவது போய்விடும். பழம் முற்றினால் தானாக வெடிக்கும். உள்ளே கருநீலச் சதை. தின்னலாம், நாக்குதான் கறுத்துப்போகும். சதையைத் தண்ணீரில் பிசைந்தால் விதை தூசி மாதிரி பிரிந்து வரும். அதை ஈர மண்மேல் தூவுங்கள்; மண் போட்டு மூடாதீர்கள், முளைக்காது. நாற்றுக்கு நிழல் வேண்டும், வளர்ந்த செடிக்கு நல்ல வெயில். சுண்ணாம்பு ஆகவே ஆகாது. தோட்டத்துப் புளிச்ச செம்மண் போதும். பூத்து முடிந்த கிளையை வெட்டிவிட்டால் அடர்ந்து வரும். ஒரு பூ ஒரு நாள்தான் நிற்கும், ஆனால் மறுநாள் வேறொன்று பூத்திருக்கும். வருடம் முழுக்க இப்படித்தான்.

இந்த அப்பாவிச் செடியைத்தான் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் நாங்கள் பகையாளியாக நினைத்தோம். எனக்கு அப்போது களை சாக மருந்தடிக்கிற வேலை. முதுகில் மருந்து ரொப்பின தோம்பு தொங்கும். அது கசிந்து சட்டை நனைந்து, சோறு தின்னும்போதும் கையில் மருந்து வாடை அடிக்கும். வேறு தோட்டத்திலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வேலை தெரிந்தவன் என்று பேர் வாங்கத் துடித்தேன்.

பெரிய துரை வருகிறார் என்று மண்டோர், அதாவது எங்கள் வேலையை மேய்க்கிறவர், சுடுகாட்டுப் பக்கம் என்னை மட்டும் அனுப்பினார். "ஒரு செண்டுடுக் நிக்கக்கூடாது, தெரியுதா?" ஒன்றுகூட விடவில்லை. சுத்தமாக அடித்தேன்.

அந்தத் தோட்டத்தில் பச்சைப்பிள்ளை இறந்தால் எரிக்க மாட்டார்கள், அந்தச் சுடுகாட்டுப் பக்கம்தான் புதைப்பார்கள். கல் கிடையாது. தலைமாட்டில் ஒரு செடி நடுவார்கள், அதுதான் அடையாளம். மற்றவர்கள் செம்பருத்தியும் குரோட்டனும் வைத்திருந்தார்கள்; நட்ட செடி என்று பார்த்ததும் தெரியும். எங்கள் கும்பலுக்குத் தண்ணீர் சுமக்கிற மாரியாயி அக்கா மட்டும் காட்டிலிருந்து ஒரு செண்டுடுக்கைப் பிடுங்கி நட்டிருந்தார். தண்ணீர் ஊற்ற வேண்டாம், தினமும் பூக்கும் என்பதற்காக.

நாலாம் நாள், காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில், எல்லார் முன்னாலும், அக்கா என் சட்டையைப் பிடித்தார்.

"கண்ணு அவிஞ்சு போச்சாடா? என் புள்ள தலைமாட்டுச் செடிடா அது!"

"மண்டோர்தான் அக்கா சொன்னாரு..."

"அவரு சொன்னா உங்க ஆத்தா மேலயும் அடிப்பியா?"

மண்டோர் சிரித்தார். "அலமாக், செண்டுடுக்குக்கா இந்த அழுகை? நாளைக்கு லாலாங் புல்லயும் நட்டு வெச்சுக் கும்பிடுவா போல." கும்பல் சிரித்தது. நானும் சிரித்தேன். மண்டோரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. என்னை எந்தக் கணக்கில் வைப்பது என்றும் தெரியவில்லை.

பிறகு பால் டின்னில் ஒரு நாற்று வளர்த்தேன். மேலே சொன்ன முறையெல்லாம் அப்போது கற்றதுதான். முதல் இரண்டு தடவை விதையை மூடிப் பாழாக்கினேன். முழங்கை உயரம் வந்ததும் கொண்டுபோய், "எங்கன்னு சொல்லுங்க அக்கா, நானே நட்டுர்றேன்," என்றேன். அதற்குள் பட்ட செடிகளையெல்லாம் வாரி எரித்து, அவை நின்ற தரையைச் சமன் செய்திருந்தார்கள்.

"எங்கன்னு எனக்கே தெரிஞ்சா உன் செடி எதுக்குடா?" டின்னை எட்டி உதைத்தார்.

சில வருடத்தில் தோட்டத்தை விற்றார்கள். பிள்ளைகளைப் புதைத்த இடத்தில் குச்சி நட்டுக் காட்டினால், அங்கே பிடிமண் எடுத்து வேறு இடத்தில் வைப்போம் என்றார் வாங்கினவருடைய ஆள். மற்றவர்களுக்குச் செம்பருத்தியும் குரோட்டனும் அடையாளம் நின்றன; எல்லாரும் போய் நட்டார்கள். மாரியாயி அக்கா குச்சியோடு அந்த வெட்டவெளியில் நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த ஓரமாத்தான் அக்கா, நான் அடிச்சப்போ..."

"நீ வாயத் தொறக்காத."

குச்சியை முழங்காலில் வைத்து ஒடித்து, என் காலடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். இப்போது பாசிர் கூடாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்தால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்.

அந்தச் சுடுகாட்டு இடத்தில் இப்போது வரிசை வீடுகள், எல்லாம் ஒரே மாதிரி. எத்தனையோ தடவை மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டேன். எந்த வீட்டுக்கு அடியில் என்று அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.