ஏலத்தோட்டத்தில் நின்ற கோல்ஃப் பை

கோல்ஃப் ஆடுகிற ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் கோல்ஃப் பைகளை வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. ஏற்றுமதிக்குப் பை தைக்கும் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்காகப் போடியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அந்தப் பைகளுக்கு இரண்டு மெல்லிய கால்கள் உண்டு. தரையில் ஊன்றி லேசாகச் சாய்த்தால் அடித்தட்டு அமுங்கி, கால்கள் விரிந்து பையைத் தாங்கும். தூக்கினால் தாமாக மடங்கிக்கொள்ளும். சமதளத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கும், சரிவில் வைத்தால் குப்புற விழும். வாங்குகிறவர்களின் புகாரெல்லாம் அதுதான்.

சரிவுக்கு எனக்குப் பஞ்சமில்லை. போடிமெட்டுக்கு மேலே என் வீட்டுக்காரரின் ஏலத்தோட்டம் முழுக்கச் சரிவுதான். மாதிரிப் பை ஒன்றை எடுத்துக்கொண்டு தோட்டத்து வீட்டில் போய்த் தங்கினேன். அப்போது எனக்கு ஆறாம் மாதம். அதற்கு முன் இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்ததால் வயிற்றைப் பற்றி நான் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. பேசினால் கலைந்துவிடும் என்று ஒரு பயம். படித்தவள்தான், பயத்துக்கு அது தெரிய வேண்டுமே.

“மலையில கோல்ஃபா? பந்த அடிச்சா கேரளாவுக்குப் போயித்தான் பொறுக்கணும்” என்றார் வீட்டுக்காரர்.

கோல்ஃப் மட்டைகளுக்குப் பதிலாக இரும்புக் குழாய்களைப் பையில் நிரப்பி, காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் போகும் ஒற்றையடிப் பாதையோரம் நிறுத்தினேன். ஏலச்செடிகள் ஆளை மறைக்கும் உயரம். மழைக்காலத்தில் அவற்றுக்குள் மஞ்சு என்கிற மூடுபனி புகுந்துவிட்டால் பத்தடிக்கு அப்பால் இருப்பது செடியா ஆளா என்று தெரியாது. காலை அகட்டி நிற்கும் அந்தப் பையைப் பார்த்து நானே ஓரிரு தடவை “யாரு?” என்று கேட்டிருக்கிறேன். ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, பள்ளத்தைப் பார்க்க நிறுத்திய பை வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஈர இலைச் சருகில் ஒரு கால் வழுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கால்களைத் தனித்தனியே நீட்டிக் குறைக்கும்படி மாற்றினேன். மேட்டுப்பக்கம் குட்டை, பள்ளத்துப்பக்கம் நெட்டை. பாதங்களை வாத்துக்கால் மாதிரி அகலமாக்கினேன். அதிர்ச்சியில் மடங்காமலிருக்க, திருகினால் பூட்டிக்கொள்ளும் ஒரு வளையத்தையும் சேர்த்தேன். பிறகு அது அசையவில்லை. மழையிலும் வெயிலிலும் விட்டுப் பார்க்கலாமென்று அங்கேயே நிறுத்தி, தண்ணீர் இறங்காமலிருக்க வாய்மேல் ஒரு பலகையைக் கிடத்திக் கட்டினேன். பலகையின் மறுமுனை பாதையோர மேட்டில் படிந்து வாகாக உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலை எனக்கு இரத்தம் பட்டது. ஜீப்பின் பின்சீட்டில் என்னைக் கிடத்தி, சாரலுக்காகப் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்து மூடினார்கள். வளைவில் காய் எடுக்க வந்த பெண்டுகளுக்காக ஜீப் மெதுவானது நினைவிருக்கிறது. அவர்கள் பேச்சு சட்டென்று நின்றதும் நினைவிருக்கிறது.

நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, படுத்தே இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். வீட்டுக்காரரும் என்னுடனே போடியில் தங்கிவிட்டார். தோட்டத்தைக் கங்காணி பார்த்துக்கொண்டார்; என்னைப் பற்றி அவரிடம்கூட எதுவும் சொல்ல வேண்டாமென்று நான் தடுத்திருந்தேன். ஒருவழியாக இரத்தம் நின்றது, ஆனால் பிரசவம்வரை எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். காரில் மெதுவாக ஒருதடவை தோட்டத்துக்குப் போய்வர மருத்துவர் அரைமனதாக ஒப்புக்கொண்டார். பையை எடுத்துவரக் கிளம்பினேன்.

மஞ்சு இறங்கியிருந்தது. வீட்டுக்காரர் காரை நிறுத்தப் போக, நான் முன்னால் நடந்தேன். பை அதே இடத்தில் நின்றது. பலகையில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். காலடியில் வாடிய செவ்வந்தி. யாரோ இருமுவது கேட்டது. மஞ்சுக்குள்ளிருந்து ஒருத்தி வந்து, பச்சைக்காய் மூட்டையைப் பலகைமேல் இறக்கிவைத்து மூச்சு வாங்கினாள்.

“தாயி, எறக்கிக்கிறேன். ஒன் பாரம் கொறையட்டும்.”

கர்ப்பத்தோடு செத்துப்போன பெண்ணுக்காக வழியில் சுமைதாங்கி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்துவார்கள். வழியில் போகிறவர்கள் அதில் சுமையை இறக்கிவைக்க வைக்க, இறக்காத பாரத்தோடு போனவளுக்கு ஆறுதல் கிடைக்கும் என்பார்கள். இங்கே செத்தவள் நான்.

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்ததும், பேய் தாண்டாமலிருக்க, இடுப்பிலிருந்த அரிவாளை உருவி இருவருக்கும் நடுவே தரையில் போட்டாள். பின்னால் வந்த பெண்டுகளும் அப்படியே நின்றுவிட்டார்கள். வீட்டுக்காரர் ஓடிவந்து என் தோளைப் பிடித்த பிறகுதான் ஒருத்திக்கு வாய் வந்தது.

“இருக்கீகளா? மொகத்த மூடித்தான கொண்டுபோனாக.”

“இருக்கேன்” என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை. வீட்டுக்காரரிடம், “இத மொதல்ல எடுங்க” என்றேன்.

“எடுக்கக் கூடாது தாயி” என்றாள் மூட்டை இறக்கியவள். “சொமைய எறக்கியாச்சு, வேண்டியாச்சு. இனி அது செத்தவ யாருக்காச்சும் ஆகணும்ல.”

“யாருக்கு ஆகணும்? எனக்கா?”

கோபத்தில் கத்தினேன். அத்தனை பேரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். அதில் வன்மம் துளியும் இல்லை, அதுதான் என்னை உலுக்கியது.

வரிசையின் கடைசியில் ராசிங்காபுரத்து அக்கா ஒருத்தி நின்றிருந்தாள். தலைச்சுமையோடு முன்னால் வந்தாள்.

“எம்மகளுக்குன்னு ஆக்கிக்கிறேன்” என்றாள்.

அவள் மகளும் காய் எடுக்க வந்தவள்தான். எட்டாம் மாதத்தில் வலி கண்டு, மலையிறங்குகிற வழியில் ஜீப்பிலேயே போய்விட்டாளாம். “கல்லு வைக்க எங்களுக்கு ஏது எடம்? ரோட்டோரம் வைக்கவும் விட மாட்டேன்னுட்டாக. நீங்க சரின்னு சொல்லணும், அம்புட்டுத்தான்.”

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். “சரி” என்றேன். கால்களைப் பூட்டும் வளையத்தை ஒரு கல்லால் அடித்து இறுக்கிவிடச் சொன்னேன். இனி அந்தக் கால்கள் மடங்க வேண்டியதில்லை.

முதல் மூட்டையை எடுத்துவிட்டு அந்த அக்கா தன் மூட்டையை இறக்கிவைத்தாள். மகளின் பெயரைச் சொன்னாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து பலகையைத் தொட்டு அதே பெயரைச் சொன்னார்கள்.

எனக்கு ஒரு மகள் பிறப்பாள் என்பது அன்று எனக்குத் தெரியாது. வயிற்றிலிருந்து கையை எடுக்காமலே நானும் அந்தப் பெயரைச் சொன்னேன். அந்த அக்காவை விடச் சத்தமாகச் சொன்னேன்.