மல்லி மிதித்த கார்

காரின் டர்போவைக் கழற்றியே ஆக வேண்டும் என்று மெக்கானிக் சொன்னது திங்கட்கிழமை காலை. வியாழக்கிழமை மதுரை ஆஸ்பத்திரியில் என் மனைவிக்கு முழங்கால் தையல் பிரிக்க வேண்டும். அவளால் பஸ் படி ஏற முடியாது. காரின் பின் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்துதான் போயாக வேண்டும். நடுவே முழுதாக மூன்று நாட்கள் இருந்தன. ஒழுங்காக வேலை செய்பவர்களுக்கு அது தாராளம்.

கார் இந்த நிலைக்கு வந்தது என் மனைவியின் தம்பியால். பரளச்சிப் பக்கம் மானாவாரி நிலமும், மூட்டை ஏற்ற ஒரு லோடு வண்டியும் வைத்திருக்கிறான். திருச்சுழியில் தாலுகா ஆபீஸ் வேலை இருக்கிறது, லோடு வண்டியில் போனால் மதிக்க மாட்டார்கள் என்று என் காரை நான்கு நாட்களுக்கு வாங்கிப் போனான். திரும்பி வந்த கார் விசில் அடித்தது, நீலமாகப் புகைந்தது, மேட்டில் ஏற மறுத்தது. விசாரித்தேன்.

"களத்துல ரெண்டு நா ஓட்டுனேன் மச்சான். டிராக்டர்காரன் வாரேன் வாரேன்னான், வரவே இல்ல. வானம் வேற மூட்டமா இருந்துச்சு."

காய்ந்த கொத்தமல்லிச் செடியைக் களத்தில் பரப்பி, விதை உதிர்வதற்காக அதன் மேல் என் காரை முதல் கியரில் வட்டமாக ஓட்டியிருக்கிறான். மல்லித் தூசும் கரிசல் புழுதியும் ஏர் ஃபில்டரை அடைத்து வண்டி முக்கியிருக்கிறது. ஃபில்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, காற்றுக் குழாயின் வாயில் ஒரு பழைய நைலான் சேலைத் துண்டைக் கட்டிவிட்டான்.

"சலிச்சுத்தான மச்சான் காத்து உள்ள போச்சு? மாவே அதுலதான் சலிக்கிறோம்."

என் காருக்குப் பணியாரம் சுடும் யோசனை இருந்ததில்லை. டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் சின்னச் சக்கரம். அது சுற்றும் வேகத்துக்கு ஒரு மண் துகள் கருங்கல்லுக்குச் சமம். இதை அவனிடம் விளக்கினேன். "அம்புட்டுச் சின்னச் சாமானா அது?" என்று டர்போவின் மேல் பரிதாபப்பட்டான்.

மெக்கானிக்கின் ஷெட் திருச்சுழி சாலையில் இருக்கிறது. கழற்றும் நட்டுகளையெல்லாம் ஒரே ஆயில் டப்பா மூடியில் கொட்டுவது அவர் வழக்கம். மாட்டி முடித்ததும் இரண்டு மூன்று மிஞ்சும். கம்பெனிக்காரன் அதிகமாகப் போட்டுவிட்டான் என்பார். அதனால் மனைவியின் காலி மாத்திரை டப்பாக்களைக் கழுவிக் காயவைத்து, எண் எழுதிய சீட்டு ஒட்டி எடுத்துப் போயிருந்தேன்.

"என்ன சார், நட்டுக்கு மூணு வேள மாத்திர குடுக்கப் போறீகளா?" என்றார் மெக்கானிக்.

"உங்க கையில சிக்குனதுக்கு அதுதான் தேவை" என்றேன்.

பேட்டரி வயரைப் பிரித்தோம். வெப்பம் தடுக்கும் தகடு, காற்றுக் குழாய்கள், டர்போவுக்கு ஆயில் போகும் குழாய், அதன் செம்பு வாஷர்கள், கீழே சைலன்சர் பைப் என்று வரிசையாக வந்தன. திறந்த ஆயில் துளையை நான்தான் சுத்தமான துணியால் அடைத்தேன். அவர் கழுத்துத் துண்டால் விசிறிக்கொண்டே அதைப் பார்த்தார். மிச்சம் இருந்தது மேனிஃபோல்டு. நான்கு சிலிண்டரின் புகையையும் வாங்கி டர்போவுக்கு அனுப்பும் இரும்பு வார்ப்பு அது. டர்போ அதில்தான் தொங்குகிறது. இரண்டையும் சேர்த்தே இறக்க வேண்டும். எட்டு போல்ட்டுகளில் எட்டு நட்டுகள். எல்லாம் வருடக்கணக்காகச் சூட்டில் வெந்தவை. ஒரு போல்ட் உள்ளே முறிந்தால் எஞ்சின் ஹெட்டையே பிரித்து மதுரை லேத் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். அப்புறம் வியாழக்கிழமையை மறந்துவிடலாம்.

இதை மெக்கானிக்கிடம் நான்கு முறை சொன்னேன். திங்கள் மாலை எல்லாவற்றிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விட்டோம். செவ்வாய் காலை ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் முதலில் மயிரிழை இறுக்கி, பிறகு இளக்கினோம். ஏழு வந்தன. அடியில், கை நுழையாத இடத்தில் இருந்த எட்டாவது அசையவில்லை. மறுபடி எண்ணெய் அடித்து, "நான் வர்ற வரைக்கும் இதத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, மனைவிக்குச் சாப்பாடு எடுத்துவைக்க வீட்டுக்குப் போனேன். நாற்பது நிமிடம்.

திரும்பியபோது மேனிஃபோல்டும் டர்போவும் சாக்கின் மேல் கிடந்தன. மெக்கானிக்கும் என் மைத்துனனும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் பக்கத்தில் இரண்டடி நீள போர்வெல் பைப் ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"முடிஞ்சிருச்சு மச்சான்! ஸ்பேனர்ல இந்த பைப்பச் சொருகி ஒரே எத்து. பம்புசெட்டுல இதவிடப் பெரிய நட்டையே பாத்தவன் நானு."

எட்டாம் எண் டப்பாவைத் திறந்தேன். உள்ளே நட்டு இருந்தது. நட்டுக்குள் பாதி போல்ட்டும் இருந்தது. சரியான டப்பாவில் போட வேண்டும் என்ற ஒன்றில் மட்டும் என் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள்.

"மீதி எங்க?"

மெக்கானிக் டீயைக் கீழே வைக்காமலே எஞ்சினைக் காட்டினார். "அது உள்ளதான் சார் இருக்கும். எங்க போயிறப் போகுது?"

டர்போவைத் தூக்கிப் பார்த்தேன். சக்கரத்தின் இதழ்கள் எலி கடித்த அப்பளம் போல இருந்தன. அச்சில் பச்சை நைலான் நூல் சுற்றியிருந்தது.

வீட்டில் சொன்னபோது மனைவி முறிந்த போல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தம்பி லோடு வண்டியில போயிக்கிறேன். அவன் மெல்லத்தான் ஓட்டுவான்" என்றாள். களத்தில் மெல்லத்தான் ஓட்டினான், அதை மறுக்க முடியாது.

வியாழக்கிழமை விடியும்போது வண்டி வந்து நின்றது. முன்னால் ஓட்டுநருக்கும் இன்னொருவருக்கும்தான் இடம். தம்பி தாங்கி ஏற்றிவிட, என் மனைவி அந்த இடத்தில் உட்கார்ந்து காலை நீட்டி, தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"நீங்க பின்னாடி சாக்கு மேல உக்காந்துக்கிருங்க மச்சான். சொகமா இருக்கும்" என்றான்.

மதுரை வரைக்கும் மல்லி மூட்டைகளின் நடுவில் உட்கார்ந்து போனேன். தையல் பிரித்தார்கள். புண் நன்றாக ஆறியிருக்கிறது என்றார் டாக்டர். திரும்பும் வழியில் தண்ணீர் குடிக்க வண்டியை நிறுத்தியபோது, இறங்கி இடுப்பை நிமிர்த்தினேன். வண்டிக்கு அடியில் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. குனிந்தேன். ஏர் ஃபில்டர் இருக்க வேண்டிய இடத்தில் அதே சேலையின் இன்னொரு துண்டு, கயிறு போட்டு இறுகக் கட்டியிருந்தது.

"என்னங்க பாக்கிறீக?" என்று மனைவி முன்னாலிருந்து கேட்டாள்.

வீடு இன்னும் முப்பது கிலோமீட்டர். அவள் கால் நீட்டியிருந்தது. "ஒன்னுமில்ல" என்று சொல்லிவிட்டு மூட்டை மேல் ஏறினேன்.