எடைக்கல் அளந்த தாமதம்

முப்பத்தோரு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதித்த அதிகாரி என்பதால், தெருவில் அவருக்கு எடைக்கல் என்றே பெயர். நேரில் யாரும் கூப்பிடுவதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும், உள்ளூர அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் அளந்து பழகிய கை சும்மா இருக்கவில்லை. பால் பாக்கெட்டை நிறுத்துப் பார்ப்பார், படிக்கட்டின் உயரத்தை அளப்பார். வீட்டில் அளப்பதற்கு ஒன்றுமே மிச்சமில்லாமல் போன சமயத்தில்தான் இன்டர்நெட் மக்கர் பண்ணத் தொடங்கியது.

மனைவி மொழிபெயர்ப்பாளர். பின்னறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டருக்கும், அவர் பாஷை புரியாத நோயாளிக்கும் நடுவில் நின்று பேசுவது அவள் வேலை. குரல் ஒரு நொடி பிந்தி வந்தாலும் காரியம் கெட்டது. பதில் வரவில்லையே என்று நோயாளி மறுபடி ஆரம்பிப்பார், டாக்டரும் ஆரம்பிப்பார், இவள் குரல் இருவருக்கும் குறுக்கே போய் விழும். மூன்று புகார் வந்துவிட்டது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ஆஸ்பத்திரி அழைப்புகளை வேறு ஆளுக்குக் கொடுக்கப் போவதாக மேற்பார்வையாளர் அம்மா சொல்லிவிட்டார்.

"எனக்குத்தான் காது மந்தமாயிடுச்சோ என்னவோ. வயசாகுதுல்ல?" என்றாள் அவள்.

"சும்மா இரு. நான் பாக்கறேன்."

பார்த்தார். ரவுட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் தூசியோடு தூசியாகக் கிடந்தது. அதை எடுத்து அவள் மேஜைமேல் வைத்து, கம்ப்யூட்டருக்கு நேராக ஒரு கேபிளும் இழுத்துக் கொடுத்தார். அன்று சாயங்காலம் வந்த அழைப்பு வழுக்கிக்கொண்டு போனது. வேறொருவர் என்றால் அத்தோடு கையைக் கழுவியிருப்பார். எடைக்கல் விடுவாரா?

அவருக்கென்று சில நியதிகள் இருந்தன. முழுப் பாரம் ஏற்றிப் பார்க்காமல் எந்தத் தராசுக்கும் முத்திரை குத்தக் கூடாது. ஒரு தடவை அளந்தால் போதாது, மூன்று தடவை அளக்க வேண்டும். அதையும் வியாபாரம் நடக்கும் நேரத்தில்தான் செய்ய வேண்டும். பூட்டிய கடையில் தராசைச் சோதித்து யாருக்கு என்ன லாபம்? ஆகவே மறுநாள் காலையிலிருந்து பின்னறையில் அவள் "வணக்கம் டாக்டர்" என்று சொன்ன உடனே, கூடத்தில் இவர் தன் செல்போனில் இன்டர்நெட் வேகத்தை அளக்கும் ஸ்பீடு டெஸ்ட்டை அமுக்கினார். முடிந்ததும் இன்னொன்று. அதன் பிறகு இன்னொன்று. முள் ஏறி ஏறி நூறைத் தொடும். நோட்டில் கோடு போட்டு, இடது பக்கம் தன் அளவை எழுதுவார். வலது பக்கம், அழைப்பு முடிந்ததும் அவள் ஒரு டிக்கோ பெருக்கல் குறியோ போட வேண்டும்.

பெருக்கல் குறிகளாக விழுந்தன. நூறு, பெருக்கல். தொண்ணூற்றெட்டு, பெருக்கல். மறுபடி நூறு, மறுபடி பெருக்கல். எடை சரியாக இருக்கிறது, சாமான் மட்டும் குறைகிறது! அவருக்குத் தலை சுற்றியது.

இணைப்புக்காரர் வந்தார். மேஜைக்கு அடியில் அவர் குனிந்து பார்க்க, எடைக்கல் டார்ச் பிடித்தார். அந்த நேரம் பார்த்து வந்த அழைப்பில் ஒரு குறையும் இல்லை.

"லைன் நல்லாதான் இருக்கு சார். இங்கேர்ந்து போயிட்டு வர பதினாலு மில்லி செகண்ட்தான் ஆகுது," என்றவர், நொடிக்கு ஒரு தடவை தாமதத்தைக் காட்டும் சின்ன ஜன்னல் ஒன்றை அவள் கம்ப்யூட்டரில் திறந்து வைத்தார். "வேகம் வேற, தாமதம் வேற சார். ரோடு அகலமா இருந்தாலும் கூட்டம் சேந்தா நின்னுதான போகணும்? வீட்டுல யாராவது பெருசா படம் கிடம் இறக்கறாங்களா?"

"நாங்க ரெண்டே பேர்தாங்க. அவ வேலை பாப்பா. நான் சும்மாதான் இருக்கேன்," என்றார் எடைக்கல், மனசாட்சிக்கு விரோதமில்லாமல்.

ஆள் தெருமுனை தாண்டியதும் பெருக்கல் குறி திரும்பி வந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை கண் டாக்டரைப் பார்க்கப் போனார். இரண்டு மணி நேரம் கழித்து வந்து நோட்டைப் புரட்டினால், வலது பக்கம் வரிசையாக மூன்று டிக். இடது பக்கம் அளவில்லை, வெறும் இடம். இணைப்புக்காரர் இருந்த நேரத்திலும் அப்படியே. அதிகாரி எதிரில் ஒழுங்காக இருந்துவிட்டு முதுகுக்குப் பின்னால் கைவரிசை காட்டும் வியாபாரிகளை அவர் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறார். இது தலைகீழாக இருந்தது. அவர் அளக்காதபோது மட்டும் யோக்கியமாக நடக்கும் ஒரு சாதனத்தை எந்தச் சட்டத்தில் பிடிப்பது?

குழப்பம் தாங்காமல் பின்னறைக்குப் போனார். அவள் சமையலறையில் இருந்தாள். திரையில் அந்தச் சின்ன ஜன்னலில் பதினாலு, பதினஞ்சு, பதினாலு என்று ஓடிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் செல்போனில் டெஸ்ட்டை அமுக்கினார்.

திரையில் எண் தாவியது. முந்நூற்று எண்பது. அறுநூற்றுப் பத்து. எழுநூறு.

டெஸ்ட் முடிந்தது. பதினாலு.

மூன்று தடவை செய்து பார்த்தார், நியதியை விட முடியாதே. மூன்று தடவையும் அதேதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் ஒரு காலை ஊன்றிக்கொண்டே முள்ளைப் படித்து, ஒரு மண்டிக்காரரை ஏமாற்றுக்காரர் என்று எழுதிவிட்டு வந்தது ஞாபகத்துக்கு வந்தது. இப்போது ஏழு நாளாகக் காலை எடுக்காமல் நின்றிருக்கிறார். அதுவும் அவள் மேல்.

திரையில் அந்தச் சின்ன ஜன்னலுக்குப் பக்கத்தில் அவளுடைய ஒரு கடிதம், பாதி அடித்தபடி இருந்தது. 'என் செவித்திறன் முன்போல் இல்லை. நோயாளிகளுக்குத் தீங்கு நேரும் முன் நானே விலகிக்கொள்கிறேன்.'

சமையலறை வாசலில் போய் நின்றார்.

"என்னங்க? கண்ணுல ஏதாவது சொன்னாரா டாக்டர்?"

"உன் காதுல ஒண்ணுமில்லம்மா. நான்தான்."

"நீங்கதான் என்ன?"

தான் டெஸ்ட் அமுக்கும்போதெல்லாம் அதுவே ரோட்டை அடைத்து அவள் குரலைப் பின்னால் நிறுத்தியதைச் சொன்னார். நோட்டைக் காட்டிச் சொன்னார். அவளுக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒரு வாரமா ராவும் பகலும் நான் அழுதிருக்கேன், தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. அதை அவர் அளக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை செல்போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். கூடத்தில் எடைக்கல் முழங்கால்மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "வணக்கம் டாக்டர்" என்றதும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், வெறும் பையைத் தடவிவிட்டுத் திரும்பியது. உள்ளே டாக்டர் என்னவோ வேடிக்கையாகச் சொல்லியிருக்க வேண்டும். இவள் அதை மொழிபெயர்த்தாள். சொல்லி வாய் மூடுவதற்குள், எங்கோ கட்டிலில் படுத்திருந்த யாரோ ஒரு கிழவர் ஸ்பீக்கரில் ஓவென்று சிரித்தார். கூடவே இவளும் சிரித்தாள்.

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு எடைக்கல் கேட்டுக்கொண்டிருந்தார்.