நோர்யாங்ஜினில் நாலரை வருஷம்

மா உன்-சில் அக்காவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவளோடு எனக்குச் சண்டை வந்துவிட்டது.

சியோலில், அரசுத் தேர்வுக்குப் படிக்க வருகிறவர்கள் குவியும் நோர்யாங்ஜினில், ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த விடுதியில் எங்கள் அறைகளுக்கு நடுவே இருந்தது வெறும் பலகைச் சுவர். பக்கத்து அறையிலிருந்து ஓயாமல் 'கிரீச், கிரீச்' என்று சத்தம். குற்றவியல் சட்டத்தில் ஒரு பிரிவுகூட மண்டையில் ஏறவில்லை. "தயவுசெய்து அந்தச் சத்தத்தை நிறுத்தவும்" என்று சீட்டெழுதி அவள் கதவில் ஒட்டினேன். மறுநாள் என் கதவில் பதில் இருந்தது. "மன்னிக்கணும். எண்ணெய் விட்டுட்டேன். இப்ப கேக்குதா?"

அது கைப்பிடி வலுவுக்காக அழுத்திப் பழகும் ஸ்பிரிங். பொதுச் சமையலறையில் இருந்த எள்ளெண்ணெயை அதற்கு ஊற்றியிருக்கிறாள். போலீஸ் தேர்வுப் பயிற்சி வகுப்பில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளிடம் அந்த வாசனை வந்ததும், "நீங்கதானா அது?" என்றேன். அப்படித்தான் பழக்கமானோம்.

அக்கா தேபெக் சுரங்க ஊர்க்காரி. அங்கே ஒரு சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தவள், இருபத்தாறு வயதில் போலீஸ் தேர்வெழுதக் கிளம்பினாள். ஒரே வருஷம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். வருஷத்துக்கு இரண்டு தேர்வு. நாலு தடவை எழுத்துத் தேர்விலேயே போயிற்று. ஐந்தாவது தடவை அதைத் தாண்டினாள். ஓட்டம், தண்டால் எல்லாம் முடிந்து, கைப்பிடிக் கருவியை அழுத்தியபோது முள் ஒரு கிலோ குறைவாக நின்றுவிட்டது. அன்றே அந்த ஸ்பிரிங்கை வாங்கினாள்.

விடுதி மேனேஜர் கூ, அவள் படியிறங்கும்போதெல்லாம் சீண்டுவார்.

"என்னம்மா, நீ போலீஸாகுறதுக்குள்ள ஊர்ல இருக்கிற திருடனெல்லாம் ரிட்டயர் ஆயிடுவான் போலிருக்கே?"

"அவங்க புள்ளைங்க வருவாங்கல்ல ஐயா? அவங்களப் பிடிச்சுக்கிறேன்."

விடிவதற்குள் போய் வகுப்பில் முன்வரிசை இடம் பிடிப்போம். மத்தியானம் தள்ளுவண்டி முன்னால் நின்றபடியே கிண்ணச் சோறு. முட்டையும் கிம்ச்சி ஊறுகாயும் போட்டுப் பிசைந்தால் ஐந்து நிமிஷத்தில் காலி. வேறு எதற்கும் நேரம் கிடையாது. இன்று உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுகிறேன். அந்தப் பசி மட்டும் வருவதில்லை.

இரண்டு தேர்வு எழுதிவிட்டு நான் விலகினேன். அக்கா என் மெத்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை வந்தாள்.

"உனக்கு என்மேல கோவமா அக்கா?"

"பொறாமைடி. உனக்குப் போறதுக்கு ஒரு இடம் இருக்கு."

தேஜோனில் மாமாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்தேன். ஆறாவதைப் போலவே, அடுத்த வசந்தத்தில் ஏழாவதிலும் அக்கா எழுத்துத் தேர்வில் தோற்றாள். இலையுதிர்காலத்தில் எட்டாவது முயற்சி. இம்முறை கைப்பிடிக் கருவியில் முள் தாராளமாகத் தாண்டியது. நேர்காணல் முடிந்ததும் போன் செய்தாள்.

"போச்சுடி. இத்தனை தடவை தோத்தும் ஏன் விடலைன்னு கேட்டாங்க. விட்டுட்டு எங்க போறதுன்னு தெரியல சார்னு சொல்லிட்டேன். மூணு பேரும் சிரிச்சுட்டாங்க."

டிசம்பரில் ஒரு காலை, வாடிக்கையாளருக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தபோது மறுபடி போன்.

"லிஸ்ட்ல என் நம்பர் இருக்கிற மாதிரி இருக்கு. என் கண்ண நான் நம்பல. நீ பாத்து வாசி."

கடைக் கம்ப்யூட்டரில் தேடினேன். பாதி எண்ணை வாசிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

"அழாதடி, நம்பர முழுசாச் சொல்லு!"

முழுவதும் சொன்னேன். அந்தப் பக்கம் மேனேஜர் கூவின் குரல் கேட்டது. "யாரும்மா அது? இவ படியில உக்காந்துட்டா, எந்திரிக்க மாட்டேங்கிறா!"

அதன் பிறகும் சுங்ஜூ போலீஸ் பயிற்சிக் கல்லூரியில் எட்டு மாதம். ஆகஸ்டில் அணிவகுப்பு. அவள் அம்மாவும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். மகள் சியோலில் ஏதோ அலுவலகத்தில் இருப்பதாகவே இத்தனை வருஷமும் ஊரில் சொல்லிவந்தவர் அம்மா.

"இதுல எவ எம்மக? எல்லாருக்கும் ஒரே தொப்பியாப் போட்டு வச்சிருக்காங்களே!"

அணி கலைந்தது. ஒரு போலீஸ்காரி நேராக வந்து அம்மாவின் முன் நின்று விறைப்பாக சல்யூட் அடித்தாள். அம்மா பதறி எழுந்து, போலீஸைக் கண்டால் செய்வதுபோல் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். நிமிர்ந்து தொப்பிக்குக் கீழே முகத்தைப் பார்த்தவர், அவள் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"ஏண்டி, ஒரு வருஷம்னுதானே சொல்லிட்டுப் போன?"

அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு மரத்தடியில் பாய் விரித்து, அம்மா கொண்டுவந்த மாட்டுக்கறியைச் சாப்பிட்டோம். கையில் சோற்றோடு, சீருடை கசங்குமே என்ற கவலைகூட இல்லாமல், அக்கா உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். எழுப்பப் போன என் கையை அம்மா பிடித்துக்கொண்டார்.